சிறிய டிரெய்லருக்கு ஏறுபடி: எதை வாங்குவது, எப்படிச் செய்வது

கேள்வி: ஒன்டாரியோவில் இருக்கிறோம். காரின் பின்னால் இழுத்துச் சென்று முகாமில் தங்கும் 13 அடி ஃபைபர்கிளாஸ் டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். வாசலில் படி கிடையாது. முன்பு வைத்திருந்தவர் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டூல் சரளைக் கல்லில் வைத்தால் ஆடுகிறது. அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள். முகாமில் நிறுத்துவது போலவே டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, ஸ்டெபிலைசர் ஜாக்குகளை (வண்டி ஆடாமல் தரையில் ஊன்றும் கால்கள்) இறக்கிய பிறகு இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, தரையிலிருந்து டிரெய்லரின் உள்தளம் வரை. மற்றொன்று, தரையிலிருந்து கதவின் கீழ்விளிம்பு வரை. இந்த இரண்டாவது அளவைப் பெரும்பாலானவர்கள் எடுப்பதில்லை. பிறகு வாங்கி வந்த படியில் கதவு இடிக்கும்.

உள்தள உயரம் 16 அங்குலம் என்றால் 8 அங்குலப் படி ஒன்று போதும். தரையிலிருந்து படிக்கு 8, படியிலிருந்து உள்ளே 8. உயரம் 23 அங்குலம் என்றால் ஒற்றைப் படி வைத்தால் ஒவ்வொரு ஏற்றமும் பதினொன்றரை அங்குலம் ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவரை அப்படி ஏறச் சொல்லக் கூடாது. அதற்கு இரண்டு படி வேண்டும். அப்போது ஏற்றம் 7⅔ அங்குலம்தான். வீட்டு மாடிப்படிக்கு அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி தரும் உச்ச அளவு 7¾ அங்குலம். கனடாவின் தேசியக் கட்டட விதியில் 200 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 7⅞ அங்குலம். இவை வீட்டுக்கான விதிகள், டிரெய்லரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டிலும் ஏறுவது அதே முழங்கால்தானே. 8 அங்குலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் போலவே ஏற்றங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதும் முக்கியம். முதல் படி 6, அடுத்தது 10 என்று இருந்தால், இறங்கும்போது கால் எதிர்பார்க்கும் இடத்தில் படி இருக்காது. அந்த அமெரிக்க விதி ஒரே படிக்கட்டில் ⅜ அங்குலத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்று சொல்வது இதனால்தான். முகாம் இடங்களோ சரிவாக இருக்கும். கதவுப் பக்கத்துச் சக்கரத்தின் கீழ் 3 அங்குலக் கட்டை கொடுத்து மட்டம் செய்தால், வாசலும் அந்த அளவுக்கு உயரும். ஆகவே உங்களுக்கு ஏற்றது கால் உயரத்தை மாற்றக்கூடிய, மடக்கி எடுத்துச் செல்லும் அலுமினிய மேடைப் படி. ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டிப் பொத்தானால் பூட்டும் வகையாகப் பாருங்கள்.

வாங்கும்போது மேல்பலகை குறைந்தது 15 அங்குல ஆழமும் 19 அங்குல அகலமும் இருக்கட்டும். முழுப் பாதமும் படிய வேண்டும். கால்கள் பலகைக்கு வெளியே விரிந்து நிற்க வேண்டும். கால்கள் உள்ளே தள்ளியிருந்தால் ஓரத்தில் மிதித்தவுடன் படி கவிழும். கடையிலேயே ஓரத்தில் ஏறி நின்று பாருங்கள். தாங்கும் எடை 300 பவுண்டுக்கு, அதாவது 136 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். 90 கிலோ உள்ளவர் கையில் ஐஸ் பெட்டியோடு இறங்கினால் படி வாங்கும் அடி அவர் எடையைவிட அதிகம்.

கதவு விஷயத்துக்கு வருவோம். டிரெய்லர் கதவு வெளிப்பக்கம் திறப்பது. படியின் மேல்தளத்துக்கும் கதவின் கீழ்விளிம்புக்கும் நடுவே ஒன்றரை முதல் 2 அங்குலம் இடைவெளி வேண்டும். நாலு பேர் உள்ளே ஏறினால் வண்டி சற்று அமிழும். இரவில் மழை பெய்து மண் இளகினால் இன்னும் இறங்கும். இடைவெளி அரை அங்குலம் மட்டும் என்றால் காலையில் கதவு படியில் முட்டி நின்றுவிடும். சிறிய டிரெய்லரில் பெரும்பாலும் ஒரே கதவுதான். தீப்பிடித்தால் வெளியேறும் முதல் வழியும் அதுதான்.

படியை வைப்பது கடைசி வேலை. மட்டம் செய்து, சக்கரத் தடுப்புகளை வைத்து, ஹிட்சை (காரோடு வண்டியை இணைக்கும் பகுதி) கழற்றி, ஜாக்குகளை இறக்கிய பிறகே படி. ஒற்றை அச்சு வண்டியில் கதவு சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பின் ஜாக்குகளை இறக்காமல் இருவர் வாசலில் நின்றால் முன்பக்க ஹிட்ச் தூக்கிக்கொண்டு வண்டியே பின்னால் சாயலாம். சரளையிலும் மணலிலும் படியின் ரப்பர் பாதங்கள் புதையும். 6 அங்குலச் சதுரப் பிளைவுட் துண்டு நான்கை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கை கழுவும் இடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: அதே வண்டிக்குக் கைப்பிடி ஒன்றும் வைக்க நினைக்கிறோம். வெளிச்சுவரில் ஸ்க்ரூ போட்டால் போதுமா?

பதில்: போதாது. முழு எடையும் தொங்கும் இடம் அது. மெல்லிய ஃபைபர்கிளாஸிலும் அலுமினியத் தகட்டிலும் ஸ்க்ரூ மட்டும் போட்டால், நிதானமாக ஏறும் நாள்வரை தாங்கும். கால் வழுக்கி ஒருவர் சட்டென்று இழுக்கும் நாளில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஃபைபர்கிளாஸ் ஓடு என்றால் சுவரை ஊடுருவும் ¼ அங்குலத் துருப்பிடிக்காத போல்ட் போட்டு, உட்பக்கம் 3 அங்குல அகல அலுமினியப் பட்டையோ பிளைவுட் துண்டோ வைத்து முடுக்குங்கள். அலுமினியத் தகட்டு வண்டி என்றால் கதவுச் சட்டத்தை ஒட்டிய மரத்தைத் தட்டிக் கண்டுபிடித்து அதில்தான் பொருத்த வேண்டும். துளையிடும் முன் உள்ளே மின்கம்பி ஓடுகிறதா என்று பாருங்கள். கதவருகே விளக்கு சுவிட்ச் இருந்தால் அநேகமாக ஓடும். கைப்பிடியின் அடித்தகட்டுக்குக் கீழே பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பசைப் பட்டை) ஒட்டி முடுக்குங்கள். இல்லாவிட்டால் மழைநீர் போல்ட் வழியே இறங்கி, இரண்டு வருடத்தில் உட்பலகை உளுத்துவிடும்.

அம்மா இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குவது போல இறங்கட்டும். கையில் எதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் 16 அடி வண்டியில் ஃபிரேமோடு சேர்ந்த மடக்குப் படி இருக்கிறது. மிதித்தால் முன்னால் தொங்குகிறது. நண்பர் ஒருவர் வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: நோய் எங்கே என்று தெரியாமல் வெல்டிங் வேண்டாம். படியை விரித்து, முன்விளிம்பைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொருவர் கீழே டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

மடிப்பு மூட்டில் மட்டும் ஆட்டம் என்றால் ரிவெட் தேய்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் இரும்பின் மேல் இரும்பு உரசி, வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். அதைச் சரிசெய்வது எளிது. ரிவெட்டின் தலையை கிரைண்டரால் தேய்த்து, பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். துளையை அடுத்த அளவு டிரில்லால் வட்டமாக்கி, அதற்குப் பொருந்தும் கிரேடு 5 போல்ட் போடுங்கள். பெரும்பாலும் ⅜ அங்குலம் வரும். இருபுறமும் வாஷர், முடிவில் நைலான் லாக் நட். முழுவதும் முடுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்தினால் மூட்டு மடங்கும், நட் கழன்று விழாது. ஒரு மூட்டில் தேய்ந்திருந்தால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பிறகு கிரீஸ் பூசாதீர்கள். அது சாலைத் தூசியைப் பிடித்து உப்புத்தாள் போல மூட்டை அரைக்கும். காய்ந்துவிடும் வகை சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

படியோடு சேர்ந்து அதைத் தாங்கும் பிராக்கெட்டும் ஃபிரேமும் முறுக்கிக்கொண்டு அசைந்தால் கதை வேறு. சிறிய டிரெய்லரின் ஃபிரேம் மெல்லிய இரும்பு. படியோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் நெம்புகோல் போல ஃபிரேமைத் திருகுகிறது. வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் முடி அளவுக்குப் பிளந்திருக்கிறதா, அந்தக் கோட்டில் துருக்கறை வழிகிறதா என்று பாருங்கள். இருந்தால் விரிசல்தான். அதன் மேலேயே வெல்டிங் வைத்தால் சில மாதத்தில் பக்கத்தில் விரியும். விரிசலைச் சரிசெய்து, கூடவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். அதை டிரெய்லர் பழுதுபார்க்கும் பட்டறை செய்யட்டும். தரைக்கு அடியில் ஃபிரேமை ஒட்டிப் புரொப்பேன் குழாய் போகும், மேலே பிளைவுட்டும் நுரைப் பலகையும் இருக்கும். வீட்டு முற்றத்தில் வைத்து அங்கே தீப்பொறி பறக்க விடும் வேலையை நண்பர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் ஒப்படைக்காதீர்கள்.

அதுவரை கீழ்ப்படிக்கு அடியில் திருகு வகைத் தாங்கி வைத்துப் பயன்படுத்தலாம். கிளம்பும்போது ஜாக்குகளைத் தூக்குவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வண்டியின் பாரம் படியில் உட்கார்ந்து அதை வளைத்துவிடும். மடக்கிய படியின் கொக்கி தளர்ந்திருந்தால் பயணத்தில் அது விரிந்து நடைபாதை ஓரத்தில் மோதும். ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: மரத்தில் நானே ஒரு பெட்டிப் படி செய்ய முடியுமா? உள்தளம் 16 அங்குலம், கதவின் கீழ்விளிம்பு 15. பெரிய பட்டறை வசதி இல்லை.

பதில்: தாராளமாக. அடிக்கடி ஒரே இடத்தில் நிறுத்துபவருக்குப் பெட்டிப் படியைவிட உறுதியானது இல்லை. 8 அங்குல உயரம் வைத்தால் கதவுக்கு 7 அங்குலம் மிஞ்சும், கவலையில்லை.

ஹோம் டிப்போ போன்ற கடைகளில் 2 அடிக்கு 4 அடி பிளைவுட் துண்டு கிடைக்கும். ¾ அங்குல வெளிப்புறத் தரம் கேளுங்கள். மேல்பலகை 24×18 அங்குலம், நீளப் பக்கம் 24×7¼ இரண்டு, குறுக்குப் பக்கம் 16½×7¼ இரண்டு. 48 அங்குல நீளத்தில் முதலில் 18, அதன்பின் 7¼ வீதம் நான்கு பட்டைகள் அறுத்தால், ரம்பம் தின்னும் ⅛ அங்குலங்களையும் சேர்த்து 47½ ஆகிறது. ஒரே துண்டில் எல்லாம் அடங்கிவிடும். ¾ என்று விற்கும் பிளைவுட் உண்மையில் சற்று மெல்லியதாக இருக்கும். எனவே குறுக்குப் பக்கங்களைக் கடைசியில், நிஜத் தடிமனை அளந்து அறுங்கள்.

மேல்பலகையின் நடுவில் தொய்வு வராமலிருக்க 16½ அங்குல நீள டூ-பை-ஃபோர் கட்டை ஒன்றைக் குறுகிய விளிம்பு மேலே வரும்படி அடியில் குறுக்கே கொடுங்கள். நான்கு மூலையிலும் ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டை. இணைப்பு எல்லாவற்றுக்கும் நீர் தாங்கும் மரப் பசை தடவி, 2 அங்குல வெளிப்புற ஸ்க்ரூவை 6 அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள். முன்னதாக ⅛ அங்குலத் துளை போடாவிட்டால் பிளைவுட் விளிம்பு அடுக்கடுக்காகப் பிரியும். சுமார் 40 ஸ்க்ரூ ஆகும்.

பக்கப் பலகைகளின் அடிவிளிம்பில், மூலைக்கு 4 அங்குலம் விட்டு, நடுப்பகுதியை 1 அங்குல உயரத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். அப்போது பெட்டி நான்கு பாதங்களில் நிற்கும். விளிம்பு முழுவதும் தரையில் பட்டால் நடுவில் ஒரு கல் போதும், பெட்டி ஊஞ்சலாடும். மேல்பலகையை அழகுக்காகப் பக்கங்களுக்கு வெளியே நீட்ட வேண்டாம். நீட்டிய விளிம்பில் மிதித்தால் பெட்டி புரளும். தூக்குவதற்குக் குறுக்குப் பக்கங்களில் 4 அங்குல நீளக் கைத்துளை போடுங்கள். மொத்தம் 7, 8 கிலோ வரும்.

கெட்டுப்போவது எப்போதும் பிளைவுட்டின் வெட்டு விளிம்பிலிருந்துதான். மற்ற இடங்களுக்கு இரண்டு கை பெயின்ட் என்றால் விளிம்புகளுக்கும் பாதங்களுக்கும் மூன்று கை. பதப்படுத்திய மரத்தில் செய்ய நினைத்தால் சாதாரண ஸ்க்ரூ வேண்டாம். அந்த மரத்தில் உள்ள செம்புச் சேர்மம் அதை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகோ, பதப்படுத்திய மரத்துக்கு என்று குறிப்பிட்டு விற்கும் பூச்சுள்ள ஸ்க்ரூவோ வாங்குங்கள். பதப்படுத்திய டூ-பை-சிக்ஸ் கட்டையில் இதே அளவு பெட்டி செய்தால் எடை 11 கிலோவைத் தாண்டும். முதுகு வலி உள்ளவர்கள் பிளைவுட்டோடு நிற்பது நல்லது.

கேள்வி: படியில் ஒட்டிய சொரசொரப்பு டேப் ஒரே பருவத்தில் உரிந்துவிட்டது. தரமில்லாத டேப்பா?

பதில்: அநேகமாக ஒட்டிய முறைதான் காரணம். பழைய பசையைச் சுரண்டி, ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்து, முழுவதும் காய விடுங்கள். குளிர்ந்த உலோகத்தில் பசை பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் செருப்பில் மாட்டிக் கிளம்பும். படியின் விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளே நிறுத்தி, ரோலரால் அழுத்தி, ஒரு நாள் மிதிக்காமல் விடுங்கள். பெயின்ட் அடித்த மரம் என்றால் பெயின்ட் நன்றாக இறுகக் குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். இல்லையென்றால் டேப் பெயின்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

கேள்வி: வாசலுக்குள்ளேயே மடிந்து நிற்கும், கால்கள் தரையில் ஊன்றும் புதிய வகைப் படி சிறிய வண்டிக்குச் சரியா?

பதில்: வண்டியோடு சேர்ந்த படிகளில் உறுதிக்கு அதற்கு ஈடில்லை. பாரம் நேரே தரைக்குப் போகிறது, ஃபிரேமைத் திருகுவதில்லை. ஆனால் மடித்த நிலையில் வாசலை அடைத்துக்கொள்ளும். வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் எடுக்க வேண்டுமென்றாலும் படியை வெளியே விரித்தாக வேண்டும். உள்தளம் 20 அங்குலத்துக்குக் கீழே உள்ள வண்டிக்கு இது தேவையில்லை. அதற்கு மேல் என்றால் வாசற்சட்டத்தின் உள் அகலத்தை மேலும் கீழும் அளந்து, குறைவானதை வைத்து வாங்குங்கள். கதவை மூடிய பின் மடித்த படி உள் அலமாரியிலோ அடுப்பு மேடையிலோ முட்டுமா என்று அட்டையில் அதே அளவு வெட்டி நிறுத்திப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.