பெறுபேறு பார்க்கும்போது நெஞ்சு அடிப்பது மூளையைக் குழப்புமா?

நீங்கள் இலங்கையின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர் என்று நினைக்கிறேன். குழப்பும் என்றுதான் சொல்வேன், அனுபவித்தவள் நான்.

2014ஆம் ஆண்டு உயர்தரம் எழுதினேன். பெறுபேறு வந்த அன்று மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கொமினிகேஷன் கடையில் சுட்டெண்ணைச் சொல்லிவிட்டு நின்றேன். வெளியே மாரி மழை, எனக்கோ காதுக்குள் நெஞ்சடிப்பு மட்டும்தான் கேட்டது. பௌதிகவியலுக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி மட்டும். அதற்குக் கீழே இரசாயனவியலுக்கு பி, ஏக்கு அடுத்த நல்ல சித்தி, என்று இருந்தது. கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "எல்லாம் போச்சு" என்று அழுதேன். மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கும் திகதியும் கடந்துபோனது. பல நாள் கழித்து மச்சாள்தான் தாளைப் பார்த்துவிட்டு, "பி எடுத்திருக்காய், ஏன் சொல்லல்ல?" என்று கேட்டா.

பின்பு தேடிப் படித்தேன். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. நான் அழுத அதே 2014இல்தான் இங்கிலாந்தில் சாரா கார்ஃபிங்கல், ஹியூகோ கிரிச்லி ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பயந்த முகத்தின் படத்தை இதயம் சுருங்கும் கணத்தில் காட்டினால், அந்தப் பயம் இன்னும் கடுமையாகத் தெரிகிறதாம். மறுபக்கமும் உண்டு: பிழை, பரிசு இல்லை என்ற பதில் வந்ததும் இதயம் சற்று மெதுவாகிறது. கால் செக்கன் அளவில் மூளையின் மின் அலையிலும் ஒரு சரிவு தெரிகிறது.

இதயம்தான் யோசிக்கிறது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஆய்வுகூடத்தில் கண்ட வித்தியாசங்கள் சிறியவை. படிக்காததற்குச் சாக்கும் தேடவில்லை, அந்த எஸ் என் எஸ்தான். ஆனால் அந்த பி-யும் என்னுடையதுதானே?

ஆகவே பெறுபேறு வந்ததும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். மூச்சு ஆறிய பிறகு, வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை எந்த முடிவும் வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று, சொல்லாமல் விட மனமில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தோடு சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறார்களே, யாருக்காக? என் அக்காவின் மகளுக்கு வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. பத்து வயதுப் பிள்ளை. ஆரையம்பதிச் சந்தி வந்தால் சைக்கிளின் பின்னாலிருந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அவள் நெஞ்சு அடிப்பது என் முதுகுக்குத் தெரிகிறது.