ஃப்ளையிங் கலர்ஸ்: ஒரு கடிதம்

வணக்கம் சார். என் பொண்ணு ப்ளஸ் டூல 600க்கு 341. சந்தோஷத்துல 'பாஸ்ட் வித் ஃப்ளையிங் கலர்ஸ்'னு ஸ்டேட்டஸ் வெச்சா. எங்க நாத்தனார் வீட்டுக்காரர் குடும்ப க்ரூப்ல "500க்கு மேல எடுத்தாதான்மா அப்படிச் சொல்லணும்"னு போட்டுட்டார். அவ ஸ்டேட்டஸை எடுத்துட்டா, நானும் எதுவும் பேசல. நிஜ அர்த்தம் என்ன சார்? கலர்ஸ்ல 'யு' வருமா?

அன்புள்ள சகோதரி,

ஸ்பெல்லிங்கை விடுங்க, பிரிட்டிஷ்காரன் யு போடுவான், அமெரிக்காக்காரன் போடமாட்டான். கலர்ஸ்னா இங்க கொடி. பாய்மரக் கப்பல் சண்டையில கொடியை இறக்கினா சரண்டர், கொடி பறக்கத் துறைமுகம் திரும்பினா மானத்தோட வந்துட்டான்னு அர்த்தம். இன்னிக்கு டிக்‌ஷனரியில பிரமாதமா ஜெயிக்கிறதுன்னுதான் இருக்கும், இல்லேங்கல. ஆனா 1756ல மினோர்கா தீவுக் கோட்டையை பிரெஞ்சுக்காரங்ககிட்ட இழந்த ஆங்கிலப் படையையே, நல்லா தாக்குப்பிடிச்சாங்கன்னு மேளம் அடிச்சுக் கொடி பறக்க வெளிய நடக்க விட்டாங்க. தோத்தவனுக்கே அந்த மரியாதை. உங்க நாத்தனார் வீட்டு மனுஷர் பாஸான பிள்ளைக்கு கட்ஆஃப் போடறார்!

கொடின்னாலே எனக்கு ஜாக் க்ராஃபோர்ட்தான் ஞாபகம். இங்கிலாந்துல சண்டர்லாண்டுங்கற ஊர்ல படகு ஓட்டிட்டிருந்தவன், கட்டாயமா கடற்படைக்குப் புடிச்சுட்டுப் போனாங்க. 1797 அக்டோபர் 11, கேம்பர்டவுன்ல டச்சுக்காரங்களோட சண்டை, அட்மிரல் டங்கனோட வெனரபிள் கப்பல்ல பாய்மரத்து உச்சி குண்டுபட்டு முறிஞ்சு கொடி கீழ வந்துடுச்சு, பாக்கிறவனுக்கு சரண்டர்னு தோணும், இந்த 22 வயசுப் பையன் குண்டு பறக்கறப்பவே மேல ஏறி ஆணி வெச்சு அடிச்சான், மரச்சிலாம்பு கன்னத்தைக் கிழிச்சுது. ஊர்க்காரங்க வெள்ளி மெடல் குடுத்தாங்க, ராஜா பென்ஷன் குடுத்தார். அப்புறம் குடியும் வறுமையுமா மெடலையே வித்துட்டான். 1831ல காலராவுல செத்தப்போ ஏழைங்களைப் புதைக்கிற குழியிலதான் போட்டாங்க. சிலை வெச்சது 1890ல! இருக்கறப்ப கூட நிக்காம 59 வருஷம் கழிச்சு வெண்கலம் வார்த்து யாருக்கு என்ன பிரயோஜனம்? எனக்கு இன்னும் ஆறல.

அதனாலதான் உங்க மேல கோபம், அந்த மனுஷர் மேல இருக்கறதைவிட அதிகமா. "நானும் எதுவும் பேசல"ன்னு எப்படிங்க எழுதினீங்க? ராத்திரி முழிச்சுப் படிச்சது அவ, பாத்துட்டிருந்தது நீங்க, அந்த க்ரூப்ல ஒரு வரி போட உங்களுக்கென்ன தயக்கம், நாத்தனார் கோவிச்சுப்பாங்கன்னா? கோவிச்சுக்கட்டும். இன்னிக்கே அவ பார்க்கிற மாதிரி அதே க்ரூப்ல எழுதுங்க. ஸ்டேட்டஸை திரும்ப வெக்கிறதா வேணாமான்னு அவ பாத்துப்பா.