2க + 3 எப்படி 5க ஆகிறது?

ஏழாம் வகுப்பு மகள் 2க + 3-ஐ 5க என்று கூட்டிவிடுகிறாள், திருத்தியும் மாறவில்லை என்கிறீர்கள். விதியைத் திரும்பச் சொல்வதால் இது போகாது. அந்த எழுத்து ஓர் எண் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான்கு காகித உறைகள், முப்பது பொத்தான்கள் எடுங்கள். அவள் பார்க்காதபோது ஒவ்வோர் உறையிலும் 4 பொத்தான் போட்டு மூடுங்கள். மேசை நடுவே ஒரு நூல். இடப்பக்கம் 3 உறை, 2 பொத்தான். வலப்பக்கம் 1 உறை, 10 பொத்தான். இரு பக்கமும் சமம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுக்கலாம். 2 உறை = 8 பொத்தான் என்று வந்ததும் உறைக்கு எத்தனை என்று சொல்லிவிட்டுப் பிரித்து எண்ணட்டும். ஓர் உறைக்குள் இருக்கும் எண்ணிக்கையை க என்று வைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் அப்போதே ஒரு வரி சமன்பாடு எழுதவேண்டும். பிறகு எழுதினால் அசைவும் சமன்பாடும் ஒட்டாது.

அடுத்து 2 உறை, 3 பொத்தான் வைத்து எண்ணச் சொல்லுங்கள்: 11. 5க என்றால் 20. முரண்பாட்டை அவளே பார்ப்பாள். உறையில் 1 மட்டும் போட்டுவிடாதீர்கள், இரண்டும் 5 ஆகித் தவறு சரிபோலத் தெரியும். எழுத்தாக 'உ' வேண்டாம். உறையையே குறிப்பதாக நினைப்பாள், குறிப்பதோ உள்ளிருக்கும் எண்ணிக்கையை.

க − 3 போன்றவை இந்த முறையில் தடுமாறும். அதற்கு எண்கோடு நல்லது.