சாம்பார் நல்ல சூடா இருக்கு

அன்புள்ள சார், பி.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். தண்டியலங்காரம்ங்கிற பழைய இலக்கண நூல்ல வர்ற உவமை, உருவகம் மாதிரி அணியெல்லாம் இந்தக் காலத்துல எதுக்கு சார்? கதை எழுத உதவுமா? புகழ்ற மாதிரி பழிக்கிற வஞ்சப்புகழ்ச்சின்னா இப்போ மீம்ல கலாய்க்கிறதுதானே?
– ஒரு வாசகன்

தம்பி,

அதுல வர்ற 35 பொருளணியையும், அதாவது பொருளால அழகு தர்ற அணியையும், மனப்பாடம் பண்ணி அதால நல்ல கதை எழுதினவர நான் பார்த்ததில்ல, பரீட்சைல மார்க் வரும், அதோட விடுங்க. உங்க கடைசி வரிலதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. மீமும் வஞ்சப்புகழ்ச்சியும் ஒண்ணா? கிளாஸ்ல போன் நோண்டிட்டு இருந்தீங்களா?

டக் அவுட் ஆனவன "சிங்கம்டா"ங்கிறது பச்சப் பொய். எல்லாருக்கும் தெரியும், சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. வஞ்சப்புகழ்ச்சில பொய்யே கிடையாது, அதான் அதோட விஷமே. எங்க பெரியத்தை இதுல கில்லாடி. சம்பந்தி வீட்டு விருந்துல அந்தம்மா பக்கத்துல வந்து சாப்பாடு எப்படின்னு கேட்க, அத்தை வாயில இருந்தத நிதானமா முழுங்கிட்டு "சாம்பார் நல்ல சூடா இருக்கு மதினி"ன்னாங்க. சூடாத்தான் இருந்துச்சு. அந்தம்மாவால மறுக்கவும் முடியல சிரிக்கவும் முடியல, கரண்டியோட அப்படியே நின்னாங்க.

ஔவையார் புறநானூறு 95-ல செஞ்சதும் இதேதான். அதியமான்ங்கிற அரசனுக்காக தூது போன இடத்துல எதிரி அரசன் தொண்டைமான் ஆயுதசாலையத் திறந்து காட்டுறான். "இவ்வே பீலி அணிந்து மாலை சூட்டி"ன்னு ஆரம்பிக்கிறாங்க. அவன் வேலெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய வீட்ல பத்திரமா இருக்காம். ஒரு வார்த்தை பொய் இருக்கா பாருங்க. அதியமானோட வேலு? பகைவனக் குத்தி முனை சிதைஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்கு. "கொல்துறைக் குற்றில"ன்னு அந்தப் பட்டறை சின்னதுங்கிறதக்கூட விடல மகராசி. உன் வேல் சண்டையே பார்த்ததில்லன்னு எங்கயாவது வாயத் திறந்தாங்களா? நெய் மினுக்குறதப் பார்த்து தொண்டைமானே கணக்குப் போட்டுக்கணும். கயவங்க தேவர் மாதிரின்னு வள்ளுவர் "தேவர் அனையர் கயவர்"னதும் அப்படித்தான், இஷ்டத்துக்கு நடக்கிறதுல ரெண்டு பேரும் நெசமாவே ஒண்ணு. புகழ்ற மாதிரி பழிக்கிறதுன்னு நோட்ஸ்ல ஒரு வரி எழுதி மூடி வச்சா இதெல்லாம் எங்க பிடிபடும்?

மெயில்ல ஒரு கவிதையும் வச்சிருந்தீங்க. மழைக்கு டீக்கடை ஓரம் ஒதுங்குற இடம் ரொம்ப நல்லா வந்திருக்கு. சந்தேகப்படாதீங்க, நேராத்தான் சொல்றேன். கடைசி நாலு வரிய வெட்டிடுங்க.