செஸ்ஸில் கம்ப்யூட்டர் உலகின் தலைசிறந்த வீரர்களை முழுமையாக வென்றுவிட்டதா?

ஆமாம், வென்று ரொம்ப நாளாகிறது. 1997-ல் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டரிடம் உலக சாம்பியன் காஸ்பரோவ் 2.5–3.5 என்று தோற்றதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது நெருக்கமான போட்டிதான். ஆனால் 2005-ல் ஹைட்ரா என்ற செஸ் கம்ப்யூட்டர், இங்கிலாந்தின் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று நசுக்கியது. ஆறு ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரா.

மறுவருடம் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமோடு மோதினார். இரண்டாவது ஆட்டத்தில் நிலைமை அவருக்கு ஒன்றும் மோசமில்லை. நிதானமாக ராணியை e3 கட்டத்துக்கு நகர்த்தினார். எதிரி ராணி h7-ல் வந்து உட்கார்ந்தது, செக்மேட்! ஒரே நகர்த்தலில் வரும் மேட், பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்துவிடும். மனிதனுக்குக் கண் அசரும், கம்ப்யூட்டருக்கு அசராது. வித்தியாசமே அங்கேதான்.

அப்புறம் யாரும் பெரிதாக மோதிப் பார்க்கவில்லை. முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனின் உச்ச ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 2882. ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் புரோகிராம்கள் தங்களுக்குள் ஆடும் பட்டியல்களில் 3500-ஐத் தாண்டிவிட்டன (அது வேறு அளவுகோல், நேரடியாக ஒப்பிட முடியாது).

முழுமையாகவா என்றால், டிரா இன்னும் சாத்தியம்தான். ஆனால் லீலா என்ற புரோகிராம் இப்போது தன் குதிரை ஒன்றைக் கழித்துவிட்டு ஆடியே பிளிட்ஸில் (சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம்) கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடிக்கிறது.