சென்னை வெயிலில் பவளம்: ரீஃப் டேங்க் கேள்வி-பதில்

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி வெயிலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் மரைன் தொட்டி (பவளமும் கடல் மீனும் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி, பவளம் இருந்தால் ரீஃப் டேங்க்) வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள்.

மாடி வீடு. மதியம் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி வரை போகிறது. ஐஸ் பாட்டில் போட்டு 27-க்கு இறக்குகிறேன். இருந்தும் மஷ்ரூம் பவளங்கள் சுருங்கி, வெளிறிக்கொண்டே வருகின்றன. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின்) வாங்கியே ஆக வேண்டுமா? (மடிப்பாக்கம்)

முதலில் ஐஸ் பாட்டிலை நிறுத்துங்கள். ஒரே நாளில் நாலு டிகிரி இறங்கி ஏறினால் பவளம் தாங்காது. நாள் முழுக்க 28-லேயே நிற்கிற தொட்டி, 26-க்கும் 31-க்கும் ஆடுகிற தொட்டியைவிட எவ்வளவோ நல்லது.

நிறம் ஏன் போகிறது என்று தெரிந்தால் பதற்றம் குறையும். பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது தயாரிக்கிற சர்க்கரைதான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசியின் வேலை கெட்டு, பவளத்துக்கே நஞ்சாகிவிடும். உடனே பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கிற பவளம். சூடு தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பார் பாராக (பார் என்றால் கடலடிப் பவளத் திட்டு) பவளம் வெளுத்ததும் இதே காரணத்தால்தான்.

செய்ய வேண்டியது இது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் ஒட்டுகிற நாட்களில் அவ்வளவு இறங்காது. அப்புறம் லைட்டை மதியம் எரியவிடாதீர்கள். சாயங்காலம் 4 மணிக்குப் போட்டு நள்ளிரவில் அணைத்தால், லைட்டின் சூடும் வெயிலின் சூடும் ஒன்றாகச் சேராது. பவளத்துக்கு எட்டு மணி நேர வெளிச்சம் போதும், அது எந்த எட்டு மணி என்பது அதற்குப் பொருட்டில்லை.

இவ்வளவுக்கும் பிறகு 29-ஐத் தாண்டினால் சில்லர் வாங்குங்கள், இல்லாவிட்டால் தொட்டியை ஏசி ஓடுகிற அறைக்கு மாற்றுங்கள். மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற, கல்லெலும்பு இல்லாத மெல்லிய பவளங்கள் மட்டும்தான் என்றால் பல வீடுகளில் ஃபேனே சமாளித்துவிடுகிறது.

தண்ணீர் குறையக் குறைய உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் மூன்று வாரமாக எல்லாப் பவளமும் மூடியே கிடக்கிறது. (திருச்சி)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்றுவது உப்பில்லாத சுத்த நீராகத்தான் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டியில் சுமார் 3500 கிராம் உப்பு இருக்கிறது. ஃபேன் ஓடினால் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வற்றுவது சாதாரணம். அந்த மூன்று லிட்டரை உப்புத் தண்ணீராக ஊற்றினால் தினம் 105 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். ஒரே வாரத்தில் 35 பிபிடி (ஏறக்குறைய லிட்டருக்கு 35 கிராம் உப்பு) இருந்தது 42 ஆகிவிடும். மூன்று வாரம் என்கிறீர்கள். இன்னும் உயிரோடு இருப்பதே அந்தப் பவளங்களின் கெட்டித்தனம்.

என் முதல் தொட்டியில் நானும் இதையேதான் செய்தேன். தொட்டியின் விளிம்பில், ஃபேன் காற்று படுகிற பக்கத்தில், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். துணியால் துடைத்துத் துடைத்து விட்டேனே தவிர, அது எதைச் சொல்கிறது என்று யோசிக்கவில்லை. ஒரு சோவாந்தஸ் கூட்டம் முழுக்கப் போன பிறகுதான் உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன்.

இப்போது அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்காதீர்கள். தினமும் கொஞ்சம் தொட்டி நீரை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு ஆர்ஓ-டிஐ நீரை (ஆர்ஓவில் வடிகட்டி, டிஐ ரெசினில் மிச்ச உப்புகளையும் நீக்கிய தண்ணீர்) ஊற்றி, நாளொன்றுக்கு 1 பிபிடிக்கு மேல் இறங்காமல் 35-க்குக் கொண்டு வாருங்கள். தொட்டியில் டேப்பால் ஒரு கோடு ஒட்டிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஆர்ஓ-டிஐ நீர் ஊற்றினால் போதும். வற்றியதைத் தானாக ஈடுகட்டுகிற ஆட்டோ டாப்-அப் கருவி வாங்க முடிந்தால் லைட்டுக்கு முன்னாடி அதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்து விட்டுவிடாமல், 35 பிபிடி கரைசலில் சரிபார்க்க வேண்டும்.

போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எதுவானாலும் நேராக ஊற்றாதீர்கள். குடிக்கிற ஆர்ஓ மட்டும் போதாது, கடைசியில் ஒரு டிஐ ரெசின் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் அது பவளத்துக்கான தண்ணீர்.

பெசன்ட் நகர் கடல் தண்ணீரையே பிடித்து வரலாமா?

வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கிற கரை இது. மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பளவும் நன்றாக இறங்கிவிடும். மரைன் சால்ட் வாங்கிக் கலக்குவதுதான் வழி.

லெதர் கோரல் ஆறு நாளாக விரியவில்லை. மேலே பளபளவென்று ஏதோ படிந்திருக்கிறது. அழுகுகிறதா? (கோவை)

தோல் உரிக்கிறது. லெதர் அவ்வப்போது இப்படிச் செய்யும். முதலில் முளைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மொழுக்கென்று ஆகிவிடும். அப்புறம் காய்ச்சின பாலின் மேல் ஏடு கட்டுவதுபோல் ஒரு மெழுகுப் படலம். அதன் மேல் தூசி, பாசி எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் படலம் ஓரத்தில் கிழிந்து, நீரோட்டத்தில் ஆடி, துண்டு துண்டாகக் கழன்று போகும். அடியில் இருக்கிற தோல் புதுசாக, நல்ல நிறத்தோடு இருக்கும். சில நாளில் முடியலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்குகிற பம்ப்) கொஞ்சம் திருப்பி நீரோட்டம் அதன் மேல் படும்படி வையுங்கள். கையால் உரிக்காதீர்கள். இடமும் மாற்றாதீர்கள். ஒரு இடம் கறுத்துக் கொழகொழத்து, நாற்றம் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது கெட்ட பகுதியைக் கூரான பிளேடால் நல்ல சதை தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் பவளம் வெளிறுகிறது. மணல் மேல் பழுப்பாகச் சளி மாதிரி, குமிழோடு ஏதோ படர்கிறது. (பெங்களூரு)

அவ்வளவு சுத்தம்தான் பிரச்சினை. நன்னீர்த் தொட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு பூஜ்யம் என்றால் நூற்றுக்கு நூறு. பவளத்துக்கு அது காலித் தட்டு. நைட்ரேட் 2-லிருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 பிபிஎம் வரை இருந்தால்தான் உள்ளே இருக்கிற பாசிக்கும் பவளத்துக்கும் பிழைப்பு. இரண்டும் பூஜ்யமானால் மற்ற நுண்ணுயிர்கள் ஒடுங்கி, டைனோ என்று நாம் சொல்கிற டைனோஃபிளாஜெல்லேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் அதோடு பொருந்துகின்றன.

பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை எடுத்துவிடுங்கள். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். படர்ந்ததை மெல்லிய குழாயால் உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, அதே தண்ணீரைத் திரும்ப விடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் கூடப் பிடிக்கும். பொறுமையாக இருங்கள்.

கால்சியம், ஆல்கலினிட்டி மருந்தெல்லாம் தினம் ஊற்ற வேண்டுமா?

மெல்லிய பவளங்கள் மட்டும் என்றால் வேண்டாம். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே ஆல்கலினிட்டி 8 டிகேஎச் (அதை அளக்கிற அலகு) பக்கம் நிற்கும். அளந்து பார்க்காத எதையும் ஊற்றாதீர்கள்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்திருக்கிறது. கடையில் கொடுத்த மருந்தில் காப்பர் என்று போட்டிருக்கிறது.

பவளம் இருக்கிற தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் செம்பு விஷம். கற்களிலும் படிந்துவிடும்.

ராமேஸ்வரத்தில் உறவினர் இருக்கிறார்கள். கரையில் ஒதுங்குகிற பவளக் கல்லாவது கொண்டுவரலாமா? லைவ் ராக் (பாக்டீரியா குடியேறிய கடற்கல்) விலை கட்டுப்படியாகவில்லை. (மதுரை)

கூடாது. உயிருள்ளதும் கூடாது, செத்ததும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் எல்லாம் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமும் அதே பட்டியலில்தான். புலிக்குப் பொருந்துகிற சட்டம் அந்தக் கல்லுக்கும் பொருந்தும். குறைந்தது மூன்று வருடச் சிறை.

சட்டத்தை விடுங்கள். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையிலான 21 தீவுகளுக்கும் அங்குள்ள பவளப் பார்தான் அலை தடுக்கிற மதில். சுண்ணாம்புக்கென்று முருகைக்கல்லை (பவளக் கல்லை) வருடக்கணக்காக வெட்டியெடுத்த கடல் அது. வெட்டு நடந்த இடங்களில் கரை அரித்தது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். ஒரு குண்டுப் பவளம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. தூத்துக்குடியில் ஆராய்ச்சியாளர்கள் துண்டு துண்டாகப் பவளம் நட்டு அந்தப் பாரை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது.

தொட்டிக்கு மரைன் செராமிக் கல் கிடைக்கிறது, விலையும் குறைவு. பாக்டீரியா ஏறிப் பழக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு பவளத்தைப் பற்றி யோசியுங்கள். கடையில் கல்பவளம் வைத்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற தாள்களைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் வாங்காதீர்கள். இன்னொரு ரீஃப்காரர் வீட்டில் பெருகிய மஷ்ரூமோ சோவாந்தஸோ ஒரு துண்டு வாங்குவதுதான் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. அது ஏற்கெனவே தொட்டி வாழ்க்கைக்குப் பழகிய பவளம்.

ஒரு கல் முழுக்க பாலித்தோவா (சோவாந்தஸுக்கு நெருங்கிய வகை) படர்ந்துவிட்டது. வெந்நீரில் போட்டுத் தேய்த்துவிட்டால் கல்லைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

இந்தப் பதிலை எல்லோரும் படியுங்கள். வெந்நீரில் போடாதீர்கள், கொதிக்க வைக்காதீர்கள், தொட்டிக்கு வெளியே பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். பாலித்தோவாவிலும் சில சோவாந்தஸ் வகைகளிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971-ல் ஹவாய்த் தீவுகளின் பாலித்தோவாவிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கல்லைக் கொதிக்க வைத்த வீட்டில் அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, கல்லை வாளித் தண்ணீருக்குள் முழுக வைத்தபடியே அலகு மெல்லிய கத்தியால் பெயர்த்தெடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். குழந்தைகளும் நாயும் பக்கத்தில் வரக் கூடாது. கழிவையும் வாளியையும் பிளீச் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். தொட்டிக்குள்ளே வேலை செய்திருந்தால் பிறகு ஆக்டிவேட்டட் கார்பன் ஓடவிடுங்கள். வாயில் கசப்போ உலோகச் சுவையோ தெரிந்தாலும், காய்ச்சல், மூச்சு இறுக்கம், கண் எரிச்சல் வந்தாலும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பாலிடாக்சின்" என்ற சொல்லை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் கேள்விப்படாததாக இருக்கலாம்.

ராத்திரி கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? (செங்கல்பட்டு)

தொட்டியில் எத்தனை மீன் என்பதைப் பொறுத்தது. முதலில் தீர்வது ஆக்சிஜன். சூடான உப்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு, ராத்திரியில் பாசியும் அதையே சுவாசிக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு வேவ்மேக்கரை மட்டும் அதில் மாட்டி, நீர்ப்பரப்பு கலங்கும்படி மேல்நோக்கித் திருப்பி வையுங்கள். சின்ன வேவ்மேக்கர் பத்து வாட்கூட இழுக்காது, ஹீட்டரும் லைட்டும் காத்திருக்கட்டும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்குகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.