புதிய கடற்சாமந்தி ஓரிடத்தில் நிலைகொள்ள என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சென்னையில் எட்டு மாதங்களாக 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஐந்து நாட்களுக்கு முன் பாறையில் ஒட்டி வாழும் கடல் உயிரான, பபிள் டிப் எனப்படும் குமிழ்நுனிக் கடற்சாமந்தி (sea anemone) ஒன்றை வாங்கித் தொட்டியில் விட்டேன். வைத்த பாறையில் நிற்காமல் இரவில் நகர்ந்து, இப்போது பாறையின் பின்பக்கம் சுருங்கிக் கிடக்கிறது. வாயிலிருந்து பழுப்பு நிறக் கழிவு வந்தது. இறால் துண்டு கொடுத்தும் உண்ணவில்லை. இரு கோமாளி மீன்களும் அதனருகில் போவதில்லை. நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.022, பகலில் வெப்பநிலை 30 டிகிரி. மீன்கள் நலமாகவே உள்ளன. அதைப் பழைய இடத்திலேயே எடுத்து வைக்கலாமா?

பதில்: எடுத்து வைக்க வேண்டாம். குமிழ்நுனிக் கடற்சாமந்தி கடலிலும் பாறை இடுக்கில் பாதத்தைச் செருகிக்கொண்டு, உணர்நீட்சிகளை மட்டும் வெளிச்சத்தை நோக்கி விரித்து வாழும் உயிர். நீங்கள் தேர்ந்த இடத்தில் நீரோட்டமோ ஒளியோ இடுக்கின் ஆழமோ அதற்கு ஒத்துவராததால்தான் அது நகர்ந்திருக்கிறது. பாறையைப் பற்றியிருக்கும் பாதத்தைப் பிடித்து இழுத்தால் தசை கிழியும். அந்தக் காயத்தில் தொற்று ஏற்பட்டால் பிழைப்பது அரிது. சுருங்குவதும் கழிவை வெளியேற்றுவதும் தம்மளவில் நோய்க்குறிகள் அல்ல. உணவு போவதும் கழிவு வருவதும் அதற்கு ஒரே வாய் வழியாகத்தான்.

என்னைக் கவலைப்பட வைப்பது அதன் நடமாட்டம் அல்ல, நீங்கள் எழுதியுள்ள இரண்டு எண்கள்தான். மீன்கள் நலமாக இருப்பதை வைத்து நீர் சரியாக இருக்கிறது என்று முடிவுசெய்ய இயலாது. மீனுக்குச் சிறுநீரகமும் செவுளும் இருப்பதால் உடலின் உப்பளவை அது ஓரளவு தானே சமன்செய்துகொள்ளும். கடற்சாமந்திக்கு அத்தகைய உறுப்பு எதுவுமில்லை, வெளிநீரின் உப்பு எவ்வளவோ அவ்வளவே அதன் உடலிலும் நிலவும். ஆகவே அதற்குக் கடலின் இயல்பான ஒப்படர்த்தியான 1.025 முதல் 1.026 வரை தேவை. இதை ஒரே நாளில் உயர்த்தினால் அதுவே கேடாகும். ஆவியாகும் நீருக்கு ஈடாக, 1.026 அளவுக்குக் கலந்து ஓரிரவு காற்றோட்டம் கொடுத்த உப்புநீரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ஊற்றிவந்தால், பத்துப் பன்னிரண்டு நாட்களில் 1.025-ஐ எட்டிவிடலாம். எட்டிய பிறகு, ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஏனெனில் நீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் தாது உப்புகளை மீண்டும் சேர்க்கும் அமைப்பு இருப்பதால், அந்த நீரையும், கரைந்துள்ள உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து, பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள்.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கடற்சாமந்தியின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. ஒளியிலிருந்து அது தயாரிக்கும் உணவே கடற்சாமந்திக்குப் பெரும் ஆதாரம். நீர் தொடர்ந்து சூடாக இருந்தால் இந்தப் பாசி வெளியேறிவிடும், உடல் வெளுத்துப்போகும். நீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் வாங்க இயலாவிட்டால், தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பில் காற்றுப் படும்படி சிறு மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாதல் கூடும் என்பதால் ஒப்படர்த்தியை நாள்தோறும் அளந்து பாருங்கள். மீன் வெளியே துள்ளாமலிருக்க மூடிக்குப் பதில் வலை போடுவது அவசியம். சென்னைக் கோடையில் மின்தடையும் வரும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள்.

அடுத்து, இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நீரோட்ட மோட்டார்களின் உறிஞ்சும் வாய்களை முரட்டு நுரைப்பஞ்சால் மூடிக் கட்டுங்கள். நகரும் கடற்சாமந்தி மோட்டாருக்குள் இழுபட்டுச் சிதைவதால் அது இறப்பதோடு, அதன் கொட்டும் செல்களும் உடற்கூழும் நீரில் பரவி மீன்களும் மாண்டுபோன நிகழ்வுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பஞ்சை வாரம் இருமுறை கழுவாவிட்டால் நீரோட்டம் குறைந்துவிடும்.

விளக்கை முழு வீச்சில் எரிப்பதாக இருந்தால், பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக உயர்த்துங்கள். கடையில் மங்கலான ஒளியில் இருந்த உயிர் திடீரெனப் பேரொளியில் வைக்கப்பட்டால் நிழலைத் தேடிப் பின்பக்கம் போவது இயற்கையே. உங்களுடையதும் அதனால் போயிருக்கலாம்.

உணவு இப்போது வேண்டாம். உணர்நீட்சிகள் விரிந்து, தொட்டதைப் பற்றிக்கொள்ளும் நிலை வந்த பின், அதன் வாயைவிடச் சிறிய இறால் துண்டை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். பெரிய துண்டைக் கொடுத்தால், செரிக்காமல் மறுநாள் கக்கிவிடும், நீரும் கெடும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்பதை டெஸ்ட் கிட் கொண்டு பாருங்கள். இந்தத் தொட்டியில் முன்பு எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டிருந்தால், பாறையிலும் மணலிலும் தங்கிய எச்சமே முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லப் போதுமானது. அப்படியானால் எனக்கு உடனே எழுதுங்கள்.

கோமாளி மீன்கள் நெருங்காதது குறித்து வருந்த வேண்டியதில்லை. உங்களுடையவை கடைகளில் மிகுதியாக விற்கும் ஒசெல்லாரிஸ் இனமாக இருந்தால், கடலில் அவை குமிழ்நுனியோடு வாழ்வதில்லை. தொட்டியில் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழகக்கூடும், பழகாமலும் போகலாம். மன்னார் வளைகுடாப் பகுதியில் காணப்படும் செபே இனக் கோமாளி மீன், மணலில் பாதம் புதைத்து வாழும் ஹட்டோனி கடற்சாமந்தியையே நாடும். கடற்சாமந்தி நிலைகொள்ளும் முன் மீன்கள் உரசித் தொல்லை தராமலிருப்பது உங்களுக்கு நன்மையே.

பொறுமை வீணாகாது. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-இல் எடுக்கப்பட்டு, கண்ணாடிச் சாடியில் வளர்க்கப்பட்ட ஒரு கடற்சாமந்தி 1887 வரை உயிரோடிருந்தது. அது வேறு இனம்தான் என்றாலும், இவ்வகை உயிர்களின் ஆயுளை அது காட்டுகிறது.

பாதம் எதையும் பற்றாமல் உடல் நீரில் உருண்டு, வாய் அகன்று திறந்தபடியே இருந்து, திசு கூழாகி நாற்றம் வீசினால் மட்டும் அது இறந்துவிட்டதென்று கொள்ளுங்கள். அப்போது தாமதிக்காமல் கையுறை அணிந்து எடுத்துவிட்டு, நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, வடிகட்டியில் புதிய கரித்தூள் பை வையுங்கள்.